மூச்சைப் பார்க்கப் போன மில்லுக்காரி

அண்ணே, பைக் விபத்தில் நீ போன பிறகு என்னால் மில்லில் நிற்க முடியவில்லை. ராஜபாளையத்து நூல் மில் வேலை எப்படி என்று உனக்குத் தெரியும். மெஷினில் இழை அறுந்தால் உடனே ஓடிச் சேர்க்க வேண்டும். நானோ உன் ஞாபகம் வந்ததும் நெஞ்சடைத்து வெளியே ஓடினேன். வேலை போய்விடுமே என்று அம்மா என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

கவுன்சலிங் பார்க்கும் அக்காவுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். அம்மாவுக்குச் சந்தேகம்.

"இது எந்தச் சாமிக்கும்மா?"

"புத்தர் வழியில உள்ளதும்மா. வெளிநாட்டு டாக்டருங்க மதத்த விட்டுட்டு மூச்ச மட்டும் வைத்தியமா எடுத்துக்கிட்டாங்க."

"நாங்க ஆண்டாள கும்பிடுறவுக."

"மூச்சு விட்டா ஆண்டாள் கோவிச்சுக்கிடுமா?"

அம்மா சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். நீ நினைப்பில் வந்த உடனே, இழை அறுந்த மாதிரி பதறி மனதை மூச்சோடு ஒட்டவைத்தேன். ஒட்டி ஒட்டித் தலைவலிதான் மிச்சம். மறுபடி போய்ச் சொன்னேன்.

"ஏன் அம்புட்டு அவசரம்? இங்க சூப்பர்வைசரா நிக்காரு? நினைப்பு வந்தா வரட்டும். பாரு. போயிரும்."

எனக்குக் கோபம் வந்தது. "போகவிட்டா எங்கண்ணனும் போயிருவான்லா?"

அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீ கூப்பிடாமலே வாரான்ல? பொறவு என்ன பயம்?"

அடுத்த நாள் மெஷின் முன்னால் நீ வந்தாய். "ஏட்டி, பஸ் போயிரும், வெரசா வா" என்றாய். நெஞ்சு அடைத்தது. நான் ஓடவில்லை. அடைப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெல்ல இளகியது. ஷிப்ட் முடியும்வரை வேலை பார்த்தேன். சாயங்காலம் நீ மறுபடி வந்தாய்.

மூச்சைப் பார்த்த பிறகு எல்லா உயிரும் நல்லா இருக்கணும் என்று நினைப்பது புத்தர் வழியில் உண்டாம். தனக்குச் சொல்லிக் கொடுத்த வைத்தியத்தில் அது இல்லை என்றார் அக்கா. எனக்கு இரண்டும் வேண்டும். நான் மில்லில் நிற்பதற்கு வைத்தியம் போதும். உனக்கென்று செய்ய அந்த வேண்டுதலை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

இதை வாசிக்கிறவர்களே, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, எந்தச் சாமியையும் கும்பிடாவிட்டாலும் சரி. என் அண்ணன் நல்லா இருக்கட்டும் என்று ஒரு மூச்சு நேரம் வேண்டிக்கொள்ளுங்கள்.