குளிர் தாங்காத பங்காளி

ஆய்வகத்தில் அவளுக்கு ஐஸ் அக்கா என்றுதான் பெயர். பாக்டீரியாவை உடைத்துப் புரதத்தைப் பிரித்தெடுப்பது வேலை. எடுத்த புரதம் கெடாமலிருக்க உடனே ஐஸ் வாளியில் செருகிவிடுவாள். வாளியும் கையுமாகவே இருந்து விரல்கள் எப்போதும் சில்லென்றிருக்கும். கையா, மீன் கடையா என்று தையற்காரரான கணவர் இன்னமும் கிண்டல் செய்வார்.

அவள் வருஷக்கணக்கில் கையாண்ட புரதம், இழையாகக் கோத்துக்கொண்டு பாக்டீரியத்தின் இடுப்பில் வளையம் கட்டி அதை இரண்டாக்குவது. ஒரே வம்சத்தில் வந்த அதன் பங்காளி ஒன்று நம் செல்களிலும் இருக்கிறது. குழாய் குழாயாக நீண்டு செல்லுக்குச் சட்டம்போல நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. மாதக் கடைசியில் அவளுக்குப் பணி ஓய்வு. பெரிய மைக்ரோஸ்கோப் கிடைத்ததோ ஒரே ஒரு பிற்பகல் மட்டும்.

அந்த மைக்ரோஸ்கோப்பில் உறைந்ததைத்தான் பார்க்க முடியும் என்பதால் பாக்டீரியாவின் இழைகளை முன்பே உறைய வைத்திருந்தாள். அன்று செல்லின் குழாய்களை வெதுவெதுப்பில் வளர்த்து, மழையில் மைக்ரோஸ்கோப் இருந்த எதிர்க் கட்டடத்துக்குக் கொண்டுவந்தாள். படியேறும்போதுதான் பார்த்தாள்: குப்பி ஐஸ் வாளிக்குள் இருந்தது. கை தன் பாட்டுக்குச் செருகியிருக்கிறது. இந்தப் பங்காளிக்குக் குளிர் ஆகாது. குழாயெல்லாம் உதிர்ந்து துணுக்காகியிருக்கும். சூடு காட்டினால் மறுபடி கூடும்தான். ஆனால் சூடேற்றும் கருவி பழைய கட்டடத்தில். போய் வருவதற்குள் அவள் முறை முடிந்து மைக்ரோஸ்கோப் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவளை அழைத்துப்போகக் குடையோடு வந்த கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"உன் கையிலயே பொத்தி வெச்சுக்கோயேன்."

"என் கை உங்களுக்குத் தெரியாதா?"

அவர் குப்பியை வாங்கி உள்ளங்கையில் மூடி, அந்தக் கையை அக்குளில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்சம் நகர்ந்தாலும் சூடு போய்விடுமோ என்பதுபோல அசையாமல் இருந்தார்.

பிறகு ஒரு துளியை எடுத்து, குழாய்கள் உதிர நேரம் கொடுக்காமல் கண் இமைப்பதற்குள் உறைய வைத்தாள்.

திரையில் முதலில் பாக்டீரியாவின் இழைகள். அடுத்து, நினைத்ததைவிடக் குறைவாக, சில முறிந்தும், குழாய்கள். இருந்தன. அக்கா கணவரை உள்ளே கூப்பிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி, துணியின் நெசவைப் பார்ப்பதுபோலக் குனிந்தார்.

"ஒரே சாயல்தான். இது மட்டும் கொஞ்சம் பூஞ்சை."

முறிந்த குழாய்களைக் காட்டி, நோஞ்சான் என்ற அர்த்தத்தில் சொன்னார். பூஞ்சை பிடித்தால் எல்லாவற்றையும் தூக்கி எறிகிற இடம் அது.

"அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடி. இன்னும் சூடாறாத அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.