உணவு வலையில் ஒரு கேள்விக்குறி

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே, நாலு முளை அடித்துக் கயிறு கட்டிய ஒரு துண்டு நிலம் உண்டு. நாலு மீட்டருக்கு நாலு மீட்டர். 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை. அந்தப் பலகைக்கு வருடா வருடம் புது வண்ணம் பூசுகிறவர் உயிரியல் ஆய்வகத்தின் உதவியாளர். முப்பது வருடமாகத் தவளையும் பாம்புக்குட்டியும் மிதக்கும் கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்து அடுக்குகிறவர் என்பதால், மாணவர்கள் அவருக்குக் குடுவை அண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் அந்த நிலத்தைக் கொத்தி, ஒரு புல் மிச்சமில்லாமல் வழித்துக் கயிறு கட்டியவன் அவருடைய ஒரே மகன். அப்போது அவன் பள்ளிக் கடைசி வகுப்பில் இருந்தான். வெற்று நிலத்தை யாரும் தொடாமல் விட்டால் முதலில் எது முளைக்கும், அதன் பின்னால் எது வரும் என்று வருடத்துக்கு ஒரு தடவை எண்ணி எழுதிவைக்க வேண்டும் என்பது திட்டம். பாடத்தில் இதற்கு வழிமுறை வளர்ச்சி என்று பெயர். சின்னக் களைகள் முன்னோடியாக வரும். பிறகு புல், பிறகு புதர், கடைசியில் மரம். முதலில் வந்தது மண்ணைப் பதப்படுத்தி வைக்கும். பின்னால் வருவது அந்த மண்ணில் வேர்விட்டு, முன்னால் வந்ததை நிழலால் ஒழித்துக்கட்டும். பலகையில் எழுத்துகளை முதலில் எழுதியவனும் மகன்தான்.

எழுதிவிட்டு, மேற்படிப்புக்கு வெளிநாடு போனான். படிப்பு முடிந்து வேலை, வேலையோடு கல்யாணம், கல்யாணத்தோடு குழந்தைகள் என்று அங்கேயே தங்கிவிட்டான். போய் இரண்டாம் வருடம் ஒரே ஒரு தடவை, பன்னிரண்டு நாள் வந்தான். அப்போது நிலத்தில் கணுக்கால் அளவுக்குப் புல் நின்றது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தவன், "நான் போனதே தெரியலப்பா, நேத்துதான் கொத்திவிட்ட மாதிரி இருக்கு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

அடுத்த மாதம் நிலத்தின் மூலையில் ஒரு புதர்ச்செடி நாலு இலையோடு எட்டிப் பார்த்தது. ஏதோ பறவையின் எச்சத்தில் வந்து விழுந்த விதையாக இருக்கும். குடுவை அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்தார். வேரோடு பிடுங்கி மதிலுக்கு அந்தப்பக்கம் வீசிவிட்டார்.

தெரியாமல் செய்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வருடாந்தரத் தேர்வுக்கு முன்னால் சூழலியல் பாடத்தை இரண்டு நாள் திருப்பிப் பார்ப்பார்கள். முதல் நாள் கரும்பலகையில், இரண்டாம் நாள் கயிற்றோரத்தில். செடிகளை எண்ணுவதற்கான மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பவர் இவர்தான். உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்பவை, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்ற கணக்கு, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பாடம் நடத்துகிறவருக்குத் தொண்டை கட்டினால் மீதியை இவர் நடத்தியிருப்பார். ஆக, தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். புல் புல்லாகவே இருந்தால் மகன் போய் அதிக நாள் ஆகவில்லை. புதர் வந்துவிட்டால் நாளாகிவிட்டது என்று அர்த்தம். மரம் வந்துவிட்டால் என்ன அர்த்தம் என்று அவர் யோசிக்கவே விரும்பவில்லை. அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் போன் செய்வான். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில், அந்த நிலம் எப்படி இருக்கிறது என்று கேட்பான். "எல்லாம் அப்படியே இருக்கு" என்பார் இவர். அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. அவர் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். கணவரின் நகக்கண்ணில் இருக்கும் மண்ணைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். "வந்தா அவன் புல்லையா பாக்கப் போறான்? உங்க நரையைத்தான் பாப்பான்" என்று ஒருமுறை சொன்னாள். மறுவாரம் தலைக்குச் சாயம் வாங்கி வந்தார்.

இப்படிப் பதிமூன்று வருடம் ஓடியது. பழைய டீச்சர் வருகிற எண்களை எழுதிக் கோப்பில் போட்டதோடு சரி. அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த புது டீச்சர் அப்படிப்பட்டவர் இல்லை. எதையும் தோண்டித் துருவுகிற கை. பதினைந்து வருடத் தாள்களையும் விரித்துப்போட்டு வரைபடம் வரைந்தார். கோடு முதல் இரண்டு வருடம் ஏறியது. அப்புறம் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் புதர் மண்டிக் கிடக்க, இந்தப்பக்கம் மட்டும் ஏன் வெறும் புல்? மண் செத்துவிட்டது என்று முடிவு கட்டினார். தலைமையாசிரியர் நெடுநாளாக அந்த இடத்தில் சைக்கிள் கொட்டகை போடவேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். இந்த வருடத் திருப்புதல் முடிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அந்தச் செய்தி குடுவை அண்ணனுக்கு ஆய்வக வாசலில் கிடைத்தது. கையில் இருந்த குடுவையை மேசைமேல் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். பதிமூன்று வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த நிலம். காத்ததனாலேயே போகப் போகிறது. வாயைத் திறந்தால் நிலம் பிழைக்கும். ஆனால் அப்புறம் அதைத் தொடமுடியாது, அது தன் இஷ்டத்துக்கு வளரும். திறக்காவிட்டால் சிமெண்டு. இரண்டிலும் மகன் விட்டுப்போன புல் இருக்காது. திருப்புதலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

இரண்டாம் நாள் திருப்புதல் கயிற்றோரத்தில் நடந்தது. சாய்த்து வைத்த கரும்பலகையில் அந்த நிலத்தின் உணவு வலையை மாணவர்களே வரைந்தார்கள். புல், வெட்டுக்கிளி, சிலந்தி, ஓணான், மண்ணில் புழு, பூஞ்சை. ஒரு பெண் காகிதக் கோப்பையில் இதே மண்ணை எடுத்துப்போய் வீட்டில் பயறு போட்டிருந்தாள். அது இலைவிட்டுச் செழித்து நின்றது. கோப்பையை டீச்சரிடம் நீட்டி, மண் சாகவில்லை என்றாள். அப்படியானால் புதர்க்கன்றுகளை மட்டும் ஏதோ தின்கிறது, வேரோடு தின்கிறது, கடித்த தடமும் இல்லை, எச்சமும் இல்லை, இது என்ன நுகர்வோர் என்று கேட்டாள். டீச்சருக்கும் புரியவில்லை. வலையின் நடுவில் வட்டம் போட்டு அதற்குள் ஒரு கேள்விக்குறி எழுதினார். யாராவது கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார் என்றார்.

குடுவை அண்ணன் மரச்சட்டத்தைத் தரையில் வைத்தார்.

"அந்தக் கேள்விக்குறி நான்தான் டீச்சர்."

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. எந்த மாதம் எந்த மூலையில் முளைக்கும், எப்படிப் பிடுங்கினால் வேர் அறாமல் வரும், எங்கே வீசுவார் என்று எல்லாவற்றையும் சொன்னார். ஏன் என்பதை மட்டும் சொல்ல வரவில்லை. பலகையைக் காட்டி, அது மகனுடைய எழுத்து என்றார். அதன்மேல்தான் தான் வண்ணம் பூசி வருவதாகச் சொன்னார்.

டீச்சர் இரக்கப்பட்டார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்கு முதலில் வந்தது கோபம். "பதிமூணு வருஷக் கணக்கும் வீணாப் போச்சே அண்ணே" என்றார். பிறகு கேள்விக்குறியை அழித்து, அந்த வட்டத்துக்குள் 'மனிதன்' என்று எழுதினார். தேர்வில் மனிதத் தலையீடு பற்றிக் கேட்டால் இதையே எழுதலாம் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு, இவர் பக்கம் திரும்பி, இனிமேல் தொடமாட்டீர்கள் அல்லவா என்று கேட்டார். தொடமாட்டேன் என்றார் இவர். அன்று மாலையே டீச்சர் தலைமையாசிரியரிடம் போய்ச் சண்டை போட்டார். கொட்டகை மைதானத்தின் ஓரத்துக்குப் போனது.

அதற்குப் பின் வந்த மாதங்கள் அவருக்கு லேசானவை அல்ல. முதல் கன்று முளைத்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அது கணுக்காலைத் தாண்டியபோது அந்தப் பக்கம் போவதை விட்டார். பிறகு மனசு கேட்காமல் தினமும் போனார். மழை பெய்து விட்டதும் எட்டுப் பத்துக் கன்றுகள் போட்டி போட்டுக்கொண்டு எழுந்தன. அவற்றின் நிழலில் புல் வெளுத்தது. வெளுத்த புல்லைப் பார்க்கும்போதெல்லாம் மகன் இன்னொரு தடவை விமானம் ஏறிப் போவதுபோல இருந்தது அவருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகன் வழக்கம்போல நிலத்தைப் பற்றிக் கேட்டான். வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மகன் திட்டப் போகிறான், அவனுடைய பரிசோதனையைக் கெடுத்தாயிற்றே என்று அவர் காத்திருந்தார்.

"ஒவ்வொரு வாரமும் எல்லாம் அப்படியே இருக்குன்னு சொல்லுவீங்க" என்றான் மகன். "அப்படியேதானே இருக்கு, அடுத்த வருஷம் போய்க்கலாம்னு நானும் இருந்துட்டேன்ப்பா."

பதிமூன்று வருடமாக எந்தச் செடியைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தோம் என்பது குடுவை அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுவும் அப்படியே இல்லடா" என்றார். "செடி என் முழங்காலுக்கு வந்துடுச்சு. உங்கம்மா மாடிப்படி ஏறக் கைப்பிடி தேடுறா. நான் சாயம் பூசுறேன், உள்ள பூரா வெள்ளை. வாடா."

இத்தனை வருடத்தில் அந்தக் கடைசிச் சொல்லை அவர் ஒருமுறைகூட மகனிடம் சொன்னதில்லை.