கொஞ்சம் குறைவாக வளைத்த கண்ணாடி

எழிலரசிக்கு மைனஸ் பதினொன்று பவர். கடலூர் முதுநகரின் கல்யாணச் சந்தையில் அது பெரிய எண். செவ்வாய் தோஷத்துக்குப் பரிகாரம் உண்டு. கறுப்பாக இருந்தால் மாநிறம் என்று சொல்லிக்கொள்ளலாம். தடித்த கண்ணாடிக்கு இரண்டும் கிடையாது. வந்தவர்களெல்லாம் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ப் போன் பண்ணுகிறோம் என்றார்கள். ஊர் வெகு தூரம் போலிருக்கிறது.

2007இல் சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தரகர் தாமாகவே, "பொண்ணு கண்ணாடி போடும், சும்மா நாலு பவர்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு நாலில் ஆட்சேபம் இல்லை. பொய் தயாராக இருந்தது. அதற்குப் பொருத்தமான கண்ணாடிதான் இல்லை. எழிலரசியின் அம்மா மங்கலம் மகளை இழுத்துக்கொண்டு அப்துல் ஹக்கின் கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

"பாய், மெலிசா ஒரு கண்ணாடி வந்திருக்காமே?"

"வந்திருக்கும்மா. சாதாரணக் கண்ணாடிய விட இதுக்குள்ள நொழையற வெளிச்சம் ஜாஸ்தி வளையும். அதனால தடி கம்மியா இருந்தாலே போதும்."

"கண்ணு பெருசாத் தெரியுமா?"

"தெரியாது. பதினொண்ணுக்கு எவ்வளவு வளையணுமோ அவ்வளவு வளைஞ்சுதான் ஆவணும். இந்தப் பவர்ல வெளிய இருந்து பாக்கறவங்களுக்குக் கண்ணு சின்னதாத்தான் தெரியும். கண்ணுக்குள்ள வைக்கற லென்ஸ் வேணா..."

"அது வச்சா இவளுக்குக் கண்ணு ரத்தமா செவந்துபோவுது." மங்கலம் குரலைத் தாழ்த்தினாள். "வளையறத கொஞ்சம் கொறச்சுக்கயேன் பாய்."

கத்தரிக்காய்க்காரனிடம் கேட்பதுபோல் கேட்டாள். பாய் சிரித்தார்.

"கொறச்சா பாப்பாவுக்குத் தெரியாதும்மா."

"அவ எதுக்குப் பாக்கணும்? அவுங்கதான பாக்க வராங்க. ஒரு நாளைக்குத்தான், பாய்."

நாலு பவரில் ஒரு கண்ணாடி தயாரானது. அதைப் போட்டுக்கொண்டு எழிலரசி காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். கலங்கலாக உட்கார்ந்திருந்தவர்களில் மாப்பிள்ளை என்று நினைத்து, அவருடைய தாய்மாமனைப் பார்த்து வெட்கப்பட்டாள். மாப்பிள்ளை ராஜவேலின் அம்மா முத்தம்மாளுக்கு மனசு நிறைந்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்புடி ஒரு பொண்ணா! எம்புள்ள இருக்கற பக்கம் திரும்பக்கூட இல்ல பாரு."

ஒரு நாளைக்கு என்று வாங்கிய கண்ணாடி கல்யாணத்துக்கும் ஆயிற்று, அதற்கப்புறமும் ஆயிற்று. பதினொன்று பவர்க் கண்ணாடி பட்டுப்புடவையில் சுருட்டிப் பெட்டிக்கு அடியில் போனது. குளியலறைக் கதவைத் தாழ்போட்ட பிறகுதான் எழிலரசிக்கு உலகம் தெளிந்தது. அங்கே பார்க்க இருந்ததோ ஒரு வாளியும் பாசி பிடித்த சுவரும்தான். எதிரே வந்தவர்கள் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை. தெருவில் திமிர்பிடித்தவள் என்று பெயர். கோயிலில் மட்டும் அவளுக்குக் குறையில்லை. சிதம்பர ரகசியம் என்று ஒன்றுமில்லாததை எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிற ஊரில் அவள் யாருக்கும் சளைத்தவள் அல்ல.

அடுத்த வருஷம் ஆனி மாதம், இடது கண்ணின் ஓரத்தில் மின்னல்கள் வெட்டின. கொசுக்கூட்டம்போல் கரும்புள்ளிகள் மிதந்தன. பிறகு ஒரு நிழல் ஏறத் தொடங்கியது. பொய்க் கண்ணாடியின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். குளியலறைக்குப் போய் உண்மைக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். வாளி தெளிந்தது, சுவர் தெளிந்தது. நிழல் போகவில்லை, அதன் விளிம்புதான் கூர்மையானது.

அம்மாவுக்குப் போன் பண்ணினாள்.

"பவர் கம்மியாப் போட்டா அப்புடித்தான் இருக்கும்டி."

"இல்லம்மா. அத போட்டுப் பாத்தாலும் இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவணும்மா."

"போனா மொதல்ல பவரத்தான் கேப்பாங்க. மாப்ளைய பக்கத்துல வச்சிக்கிட்டு இன்னா சொல்லுவ? முழுசா ஒரு வருஷம் ஆவல. திருப்பி அனுப்பிட்டாங்கன்னா? ஒரு புள்ள பொறக்கட்டும், அப்பறம் சொல்லிக்கலாம். பல்லக் கடிச்சிக்க."

கடித்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் நிழல் பாதிக் கண்ணை மூடியது, பிறகு முழுவதும். கொதிக்கிற உலையில் கையை விட்ட அன்றுதான் ராஜவேலிடம், "ஏங்க, எடது கண்ணு தெரியல" என்றாள்.

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் பவரைக் கேட்டார்.

"நாலு" என்றான் ராஜவேல், தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்கிற பையனைப்போல.

"பதினொண்ணு" என்றாள் எழிலரசி.

டாக்டர் இருவரையும் பார்த்தார். இவ்வளவு பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை பிய்ந்துகொள்ளும் அபாயம் அதிகம், மின்னல் தெரிந்தபோதே வந்திருந்தால் ஒட்டியிருக்கலாம் என்றார். ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். இடது கண் திரும்பவில்லை. வலது கண்ணுக்கு லேசர் வைத்துக் காப்பாற்றினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ராஜவேல், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

கடலூர் வந்தது, போனது. "அம்மா வேணாம்னுதான் சொல்லியிருப்பாங்க" என்றான், சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றம் உள்ளே வந்தபோது. நியாயமான மனிதன், பொய் சொல்லத் தெரியாது.

முத்தம்மாள் ஒரு வாரம் ஏசினாள். திருப்பி அனுப்பவில்லை. ஆபரேஷன் வரைக்கும் செய்துவிட்ட பிறகு அனுப்பினால் ஊர் என்ன பேசும்?

புதுக் கண்ணாடியையும் அப்துல் ஹக்தான் போட்டார். வலது பக்கம் முழுசாகப் பதினொன்று. இடது பக்கம் எந்த வளைவும் இல்லாத வெறும் கண்ணாடி. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் எப்படி வந்தால் என்ன? ஆகவே பார்க்கிற கண் குன்றிமணி அளவுக்குச் சிறுத்தும், பார்க்காத கண் அகலமாக, மை தீட்டியதுபோல் அழகாகவும் தெரிந்தன. விசேஷங்களில் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு முத்தம்மாளிடம், "ஒம் மருமவளுக்கு அந்த எடது கண்ணு எவ்வளவு லட்சணம்!" என்பார்கள்.

2011இல் நாத்தனார் அனுப்பிரியாவின் நிச்சயதார்த்தம். குடும்பத்தையே நிற்கவைத்துப் போட்டோ எடுக்க வந்தவன் எழிலரசியைக் கொஞ்ச நேரம் கவனித்தான்.

"அக்கா, மூஞ்ச வலது பக்கமாத் திருப்புங்க. இன்னும் கொஞ்சம். எடது கண்ணுதான் நல்லா வருது."

திருப்பினாள். கேமரா, அவன், விளக்கு எல்லாம் மறைந்தன. எதிரே பந்தல் துணி மட்டும் தெரிந்தது.

"சிரிங்கக்கா."

சிரித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பக்கத்தில் புடவைகள் சரசரத்து விலகும் சத்தம் கேட்டது.

"எடுத்தாச்சா?" என்று கேட்டாள்.