பெற்றோரில் யாருக்காவது சர்க்கரை

கொரோனாவுக்கு முந்தைய வருஷம், தாம்பரத்தில் எங்கள் சபை மண்டபத்தில் ஒரு சர்க்கரை முகாம் நடந்தது. நோய் வந்தவர்களுக்கு அல்ல. வரக்கூடியவர்களைக் கண்டுபிடித்து, வராமல் தடுப்பதற்கு. கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் என்பதால், ஆராதனை முடிந்ததும் மைக்கைப் பிடித்து எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னது நான்தான். மகனையும் தள்ளிக்கொண்டு போனேன். ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன். நாள் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பான்.

நர்ஸ் அவன் இடுப்பை டேப்பால் அளந்தார். வயது, நடக்கும் பழக்கம் எல்லாம் கேட்டு மதிப்பெண் போட்டார். மதிப்பெண் கூடுதலாக வந்தால்தான் ரத்தப் பரிசோதனை. கடைசியாக, "அப்பா, அம்மா யாருக்காவது சுகர் இருக்கா சார்?" என்றார்.

"எங்கப்பாவுக்கா? விருந்துக்குப் போனா என் லட்டையும் சேத்து சாப்பிடுவாரு சிஸ்டர்."

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன்.

எனக்குச் சர்க்கரை இருந்தது. அவனுக்குப் பெண் தேடத் தொடங்கியபோதே வந்துவிட்டது. "சுகர் இருக்கிற குடும்பம்னா பொண்ணு வீட்ல யோசிப்பாங்க சார்" என்று தரகர் வேறு யாரையோ பற்றிச் சொன்னார். அன்றிலிருந்து மாத்திரைகள் விட்டமின் டப்பாவுக்குள் போயின. மனைவி முன்பே இறந்துவிட்டதால் கவனிக்க ஆளில்லை. சந்தேகம் வராதிருக்க லட்டும் தின்றேன். கல்யாணம் முடிந்ததும் சொல்லியிருக்கலாம். ஏமாற்றிவிட்டான் என்று சம்பந்தி சொல்வாரே என்று பயந்தேன். பிறகு பயமும் போய்விட்டது. பழக்கம் மட்டும் மிஞ்சியது.

நர்ஸ் கூட்டிப் பார்த்தார். "வீட்ல ஒருத்தருக்கு இருந்திருந்தாலும் பிளட் டெஸ்டுக்கு அனுப்பியிருப்பேன். தப்பிச்சிட்டீங்க சார்."

அனுப்பப்பட்டவர்களுக்கு உணவு, நடை பற்றி வாராவாரம் வகுப்பு நடந்தது. செம்பாக்கம் ஏரிக்கரையில் அவர்கள் நடப்பதைப் பார்ப்பேன். வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சென்ற மாதம், வண்டி ஓட்டும்போது கண்ணில் கறுப்பு நூல் மிதக்கிறது என்றான் மகன். விழித்திரையில் ரத்தக் கசிவு, சர்க்கரை வந்து வருஷக்கணக்காகிறது என்றார் கண் மருத்துவர். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று அவரும் கேட்டார்.

"யாருக்கும் இல்ல டாக்டர்."

"எனக்கு இருக்கு" என்றேன்.

மருந்து விட்ட கண்களோடு என் பக்கம் திரும்பினான். "எப்போலேர்ந்துப்பா?"

"உன் கல்யாணத்துக்கு முன்னாடியே."

பார்வை பழையபடி வருமா என்று மருத்துவரிடம் நான்தான் கேட்டேன். "இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்போம் சார்" என்றார்.

மகன் என்னைத் திட்டவில்லை. வராந்தாவில் உட்கார்ந்ததும் போனை நீட்டினான். "தங்கச்சிக்குப் போடுங்க. எனக்கு எழுத்து தெரியல."

படப்பையில் இருக்கும் என் மகளை அழைத்து அவன் கையில் கொடுத்தேன். "இன்னைக்கே போய் சுகர் டெஸ்ட் பண்ணிக்கோ" என்றான். ஏன் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். போனை என் காதில் வைத்துவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டான்.

"அண்ணா? என்னண்ணா, ஏன் பேச மாட்டேங்கற?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.