முயலுக்கு நான் போட்ட இருபத்தொரு நாள் கணக்கு

ஓசூர்ப் பக்கம் ஒரு கிளை நிலையத்தில் நான் கால்நடை ஆய்வாளராகச் சேர்ந்த முதல் வருடம். பசுவுக்குச் சினை ஊசி போடுவதில் கை பழகிவிட்டது. இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை பருவம். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. இவ்வளவு தெரிந்ததும் எல்லா மிருகமும் அத்துப்படி என்று எனக்கு ஒரு மிதப்பு.

அப்போதுதான் ஆரோக்கியராஜ் வந்தார். கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஓட்டியவர், வேலையை விட்டுவிட்டு ஓர் ஆண் முயலும் பத்துப் பெண் முயலும் வாங்கியிருந்தார்.

"டாக்டரம்மா, எப்பங்க ஜோடி சேர்க்கிறது?"

நான் டாக்டர் இல்லை. அங்கே எங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இருபத்தொரு நாள் கணக்குதாங்க. பருவத்துக்கு வந்தா அடையாளம் தெரியும், அன்னிக்கு விடுங்க" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

மனிதர் கம்பெனிப் பழக்கத்தில் கூண்டு கூண்டாக சார்ட் ஒட்டி, ஷிப்டுக்கு ஒரு தடவை பார்த்து டிக் அடித்தார். மூன்று மாதம் போயிற்று. ஒரு முயலும் கத்தவில்லை. கடைசியில் என் முன்னால் வந்து நின்றார்.

"இந்த மாசமும் சேரலன்னா எல்லாத்தையும் கறிக்குக் குடுத்துட்டு, மறுபடி கம்பெனி கேட்டுல போய் நிக்கணுங்க."

அவர் போனதும் எங்கள் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"முயலுக்கு ஏதும்மா நாள் கணக்கு? ஆணோட சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளிய வரும், பத்து மணி நேரத்துல. நீ சேரவே விடாம காவல் போட்டிருக்கியே!"

உடனே வண்டியை எடுத்தேன். வெட்கம் பாதி, ஆவல் பாதி.

"நான் தப்பாச் சொல்லிட்டேங்க. இப்பவே விட்டுப் பாக்கலாம்."

பெண்ணை ஆணின் கூண்டில் விட்டோம். மாற்றி விட்டால் பெண் கடித்துவிடும். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆண் முயல் கீச்சென்று கத்திப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது.

"ஐயோ, செத்துப்போச்சுங்க!"

"இல்லைங்க, வேலை முடிஞ்சுபோச்சு!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மற்றவற்றையும் அந்த வாரத்திலேயே சேர்த்தோம்.

பதினாலாம் நாள் முதல் முயலின் வயிற்றைத் தடவினேன். விரலுக்கடியில் திராட்சை திராட்சையாக உருண்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். முப்பத்தோராம் நாள் விடியும்போதே போன்.

"டாக்டரம்மா! தன் முடியையே பிச்சு மெத்தை போட்டிருக்குதுங்க. உள்ள நெளியுது! ஏழு!"

அடுத்த மாதம் ஒருவர் பெண் குதிரையோடு வந்து, "இதுக்கு எத்தினி நாளும்மா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க, கேட்டுச் சொல்றேன்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். கேட்ட பிறகுதான் தெரிந்தது: பசுவுக்கு ஒரு நாள்கூட நிற்காத பருவம் குதிரைக்கு ஒரு வாரம் நிற்குமாம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். அதைச் சொன்னதற்காக யாருடைய கூண்டும் காலியானதில்லை.