வேகப்பந்து வீச்சாளருக்கு வைத்த பொட்டு

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு ஆயுத பூஜை அன்று, திருவண்ணாமலை வேங்கிக்காலில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது.

எனக்குப் பழைய கிரிக்கெட் அட்டைகள் சேர்க்கும் பைத்தியம் உண்டு. சிறு வயதில் பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒரு வீரரின் படம் போட்ட அட்டை இருக்குமே, அதேதான். கீழ்பென்னாத்தூரில் இருந்தபோது நானும் அண்ணனும் சேர்ந்து ஆரம்பித்தது. கம் முழுக்க எனக்கு, அட்டை முழுக்க அவனுக்கு என்பது எங்கள் ஒப்பந்தம். எவ்வளவு மென்றும் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் மட்டும் எங்களுக்கு வரவே இல்லை. தாடை வலித்ததுதான் மிச்சம்.

அண்ணன் இப்போது சவுதியில் லாரி ஓட்டுகிறான். அம்மா இருந்தவரை கார்த்திகை தீபத்துக்குத் தவறாமல் வருவான். அம்மா போனபின் வருவது நின்றுவிட்டது. போனில் பேசினாலும் சாப்பிட்டாயா, நன்றாக இருக்கிறாயா என்பதோடு முடிந்துவிடும். வரச் சொன்னால் லீவு கிடைக்கவில்லை என்பான். எனக்கு அவனைப் பார்க்க வேண்டும்போல் இருக்கும்.

அந்த ஏக்கத்தில்தான் அந்த வீச்சாளரைத் தேட ஆரம்பித்தேன். அட்டை சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக் கேட்டு, ஒருவழியாகச் சென்னையில் ஒருவரிடம் கிடைத்தது. மூலை மழுங்காமல், மடிப்பு விழாமல், நேற்று அச்சடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் கழித்து அப்படி ஒன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. படம் எடுத்து அனுப்பியதும் அண்ணன் உடனே கூப்பிட்டான்.

"தபால்ல அனுப்பிடாத பாப்பா, மூலை மடங்கிடும். தீபத்துக்கு நானே வந்து கையில வாங்கிக்கிறேன்" என்றான்.

அன்றிலிருந்து அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கண்ணுக்குள் வைத்துப் பாதுகாத்தேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன். என் கணவர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். லேமினேஷன் போட்டுத் தரட்டுமா என்று ஆசையாகக் கேட்டார். சூடு பட்டால் அட்டையின் கதை முடிந்தது, அந்தப் பக்கமே போகக்கூடாது என்று மிரட்டி வைத்திருந்தேன்.

ஆயுத பூஜை அன்று நான் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு மிக்ஸி, பீரோ, ஸ்கூட்டர், கத்தரிக்கோல் என்று ஒன்றுவிடாமல் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பார்த்தால், சாமி படத்துக்கு முன்னால் என் வீச்சாளர், நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக மங்களகரமாக நிற்கிறார். பிளாஸ்டிக் உறைமேல் பொட்டு நிற்கவில்லை என்று, அட்டையை வெளியே எடுத்து வைத்திருக்கிறார் மனிதர். ஈரம் அட்டைக்குள் இறங்கிவிட்டிருந்தது.

நான் அழுததைப் பார்த்து அவர் வெலவெலத்துப் போனார்.

"நீ கை கழுவிட்டுத்தான அதைத் தொடுற? அதான் மொத பொட்டே அதுக்கு வெச்சேன்" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்துத் திட்டவும் வாய் வரவில்லை. அட்டையின் மதிப்பு போனது கூட எனக்குப் பெரிதில்லை. ஊருக்கு வர அண்ணனுக்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டதே என்றுதான் அழுதேன்.

மாலையில் அவனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா போனபின் அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அம்மா இருந்திருந்தால் அம்மாவும் இதைத்தான் செய்திருப்பார் என்றான்.

"இனிமே அதை எவனும் வாங்க மாட்டான் பாப்பா. நம்ம வூட்டு அட்டை ஆயிடுச்சு. பத்திரமா வெச்சிரு, வந்துடறேன்."

அந்தத் தீபத்துக்கு அவன் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த தீபங்களுக்கும் வரவில்லை. ஆனால் போனில் இப்போது பேச்சு நீள்கிறது. நம்ம ஆள் எப்படி இருக்கிறார் என்று அந்த வீச்சாளரை விசாரிக்காமல் அவன் போனை வைப்பதில்லை.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் உறையைத் திறந்து நானேதான் அட்டைக்குப் பொட்டு வைக்கிறேன். ஒரே ஒரு பொட்டில் எல்லாம் பாழாகிவிட்டது என்று அன்று அழுத எனக்கு, அண்ணன் வந்து பார்ப்பதற்குள் அந்த முகம் முழுக்கச் சந்தனத்தில் மறைந்துவிடக் கூடாதே என்பதுதான் இன்றைய தவிப்பு.