அக்கா உடைக்க நினைத்த எண்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும், அவருடைய பொறுமையைப் பற்றி நான் எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். எழுதுகிறேன். கூடவே என் தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும்.

அக்கா ராயபுரத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருடம், துறைமுகத்தில் பாரம் விழுந்து அப்பா இறந்தார். அக்காவின் எட்டாம் வகுப்பு அதோடு முடிந்தது. கிழிந்த சாக்கு தைக்கும் கிடங்கில் சேர்ந்தார். அவர் தைத்த சாக்குதான் என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தது. அந்தப் படிப்பால்தான் துறைமுகத்தில் மூட்டை எடை குறிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது சணல் தூசியும் காசநோயும்.

கிடங்குச் சுவரில் ஒரு சாக்குக்கு ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோடுகளை அக்கா ஒரே எண்ணாகப் படிப்பார். மூன்று கோடு நூற்றுப் பதினொன்று; மூன்றை முப்பத்தேழால் பெருக்கினால் வருவது. ஐந்து கோடு, 41ம் 271ம். ஏழு கோட்டை இப்படி இரண்டு எண்களின் பெருக்கலாக உடைக்க ஒரு மாதம் ஆயிற்று: 239, 4649. அன்று வீட்டில் கேசரி கிளறினார். எதற்கென்று அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை.

பதினோரு கோடு மட்டும் உடையவில்லை. 11111111111. வேறு எதாலும் வகுபடாத எண்களாகப் பொறுக்கி, ஒவ்வொன்றாலும் அதை வகுத்துப் பார்த்தார். மீதி வந்தால் அடுத்த எண். இப்படியே வருடங்கள் போயின. படுக்கையில் விழுந்தபோது இருபத்தோராயிரத்தைத் தாண்டியிருந்தார். பென்சில் பிடிக்க முடியாமல் போனதும், நாளுக்கு ஐந்து எண் சொல்லிச் சீட்டில் என்னை எழுதி வகுத்துப் பார்க்கச் சொன்னார்.

"சாவறதுக்குள்ள இது ஒடையுமா ஒடையாதான்னு தெரிஞ்சிக்கணும்டா. வேற இன்னா கேட்டேன் உன்னாண்ட?"

முதல் வாரம் ஒழுங்காக வகுத்தேன். பிறகு அலுத்துப்போயிற்று. துறைமுகத்தில் நாங்கள் தராசில் ஏற்றாமலேயே மூட்டைக்கு எடை எழுதுவதுண்டு. ஒன்று கூட, ஒன்று குறைய என்று மாற்றி மாற்றிப் போட்டால் எவனும் கேட்கமாட்டான். அதே கையால் மீதிகளையும் எழுதினேன்.

"இன்னாடா, மீதி வந்துச்சா?"

"அஞ்சுலயும் வந்துச்சுக்கா."

என்னை அவர் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. ஒரு மாதம் கழித்து, "இது ஒடையாது போலக்கீது. நான்தான் வீம்புக்கு நின்னுட்டேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எண் எதுவும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

மலரின் அட்டையில் 'அக்காவின் உடையாத எண்' என்று போடலாம் என்றார் சித்தப்பா. மனசு உறுத்தியது. பழைய சீட்டுகளை எடுத்துவைத்து, வகுக்காமல் விட்டதையெல்லாம் வகுக்க உட்கார்ந்தேன். இரண்டாம் வாரச் சீட்டு ஒன்றில் நான்காவது எண் 21649. மூன்று முறை வகுத்தேன். ஈவு 513239. மீதி இல்லை. அந்த எண்ணுக்கு நேரே, மீதி 942 என்று என் கையெழுத்தில் இருந்தது. அம்மா பார்க்க அழுதேன்.

பக்கத்து வீட்டு பீவி அம்மாள் நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்தார். கிடங்குத் தோழிகள், தொற்றும் என்று தெரிந்தே, முறை வைத்து எச்சில் கிண்ணம் கழுவினார்கள். இவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. இந்த வரிசையில் என் பெயரையும் சேர்க்கச் சொன்னார் சித்தப்பா, வேண்டாம் என்றுவிட்டேன்.

அட்டையில் அந்த இரண்டு எண்களையும் அச்சிட்டிருக்கிறேன். பெருக்கத் தெரிந்தவர்கள் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். நான் எழுதியிருக்கிறேன் என்பதற்காக நம்பிவிட வேண்டாம்.